கண்டன்சரை மாற்றுமுன் காதைத் தீட்டுங்கள்

பழைய வால்வு ஸ்பூல் டேப் ரெக்கார்டர் ஹம் அடிக்கிறது என்று யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "கண்டன்சரெல்லாம் காய்ந்து போயிருக்கும். மொத்தமாக மாற்றிவிடுங்கள்." மெக்கானிக் சொல்கிறார். சேகரிப்பாளர் சொல்கிறார். பின்மூடியைக் கழற்றியே பார்க்காதவரும் அடித்துச் சொல்கிறார். அப்படியே செய்தும் விடுகிறார்கள். செட்டில் இருந்த கண்டன்சர்கள் எல்லாம் வெட்டி எறியப்பட்டு, புதியவை பற்றவைக்கப்படுகின்றன. செட்டை ஓடவிட்டால் ஹம் அதே சுருதியில் அப்படியே நிற்கிறது. சில செட்டுகளில் முன்பைவிடக் கூடியும் இருக்கிறது.

இதில் வியப்பு ஒன்றும் இல்லை. "ஹம் என்றால் கண்டன்சர்" என்ற சூத்திரம் வால்வு ரேடியோவிலிருந்து பெயர்த்தெடுத்து டேப் ரெக்கார்டர்மேல் ஒட்டப்பட்டது. ரேடியோவில் அது பெரும்பாலும் பலிக்கும். டேப் ரெக்கார்டரின் உடலமைப்பு வேறு. அதில் ஹம் நுழையும் வாசல்களும் வேறு. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் மொத்தமாக மாற்றுவது பழுதுபார்ப்பே ஆகாது என்பதும், பல நேரங்களில் அது நல்ல செட்டைக் கெடுக்கிறது என்பதும் என் உறுதியான கருத்து. ஏன் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

எதிர்த்தரப்பின் நியாயம்

அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்கு ஆயுள் உண்டு. உள்ளிருக்கும் ஈரப்பசை காலப்போக்கில் வற்றும், கொள்ளளவு குறையும், உள்தடை ஏறும். 1950களிலும் 60களிலும் செய்த செட்டில் அது இன்றும் முழுத் தெம்போடு இருக்கும் என்று எதிர்பார்ப்பது பேராசை. மெழுகிட்ட காகிதக் கண்டன்சர்கள் அதைவிட மோசம். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நேர்மின்சாரத்தைக் கசியவிடும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு முன்னால் இருப்பது அப்படிக் கசிந்தால் அந்த வால்வே சூடேறிச் செத்துப்போகும். மெயின்ஸுக்குக் குறுக்கே போட்டிருக்கும் பழைய கண்டன்சரை நம்பி ஒரு நாள்கூடச் செட்டை ஓட்டக் கூடாது. இவற்றை மாற்றுவதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் "இதற்கு வயதாகிவிட்டது" என்பது ஒரு செய்தி. "ஹம்முக்கு இதுதான் காரணம்" என்பது வேறொரு செய்தி. முதலாவது மெய் என்பதற்காக இரண்டாவதும் மெய்யாகிவிடாது. கண்டன்சருக்கு வயதான அதே காலத்தில் வால்வுக்கும் வயதாகியிருக்கிறது. சால்டர் இணைப்புகளுக்கும், சேசிஸில் அடித்த எர்த் ரிவெட்டுகளுக்கும், ஹெட்டிலிருந்து வரும் ஷீல்டு வயருக்கும் வயதாகியிருக்கிறது. இத்தனை பேர் நிற்கும்போது ஒருவரை மட்டும் குற்றவாளி என்று பிடிக்க என்ன சாட்சியம் இருக்கிறது? காய்ச்சல் என்றதும் எந்தச் சோதனையும் இல்லாமல் ஊசியைப் போடும் வைத்தியம் போலத்தான் இது. சில நேரம் காய்ச்சல் விட்டுவிடும். அதனால் அது வைத்தியம் ஆகிவிடாது.

டேப் ரெக்கார்டருக்கு உள்ள தனிச் சங்கடம்

பிளேபேக் ஹெட் என்பது ஒரு காந்தச் சுருள். நாடாவில் பதிந்திருக்கும் மிக மெல்லிய காந்தத் தடத்தை உணர்வதற்கென்றே செய்யப்பட்டது. அதே பெட்டிக்குள், ஒரு சாண் தூரத்தில், மோட்டாரும் மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரும் 50 ஹெர்ட்ஸ் காந்தப்புலத்தைக் கசியவிட்டுக்கொண்டிருக்கின்றன. நாடாவிலிருந்து வருவது எது, மோட்டாரிலிருந்து வருவது எது என்று ஹெட்டுக்குப் பிரித்தறியத் தெரியாது. இரண்டையும் மின்சாரமாக்கி அனுப்பிவிடும்.

இதோடு முடியவில்லை. சுருளில் எழும் மின்னழுத்தம், காந்தத் தடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைப் பொறுத்தது. அதிர்வெண் பாதியானால் மின்னழுத்தமும் பாதியாகும். 1000 ஹெர்ட்ஸில் 2 மில்லிவோல்ட் தரும் ஹெட், அதே அளவு காந்தத் தடத்துக்கு 50 ஹெர்ட்ஸில் 100 மைக்ரோவோல்ட்தான் தரும். இந்த இழப்பை ஈடுகட்ட, பிளேபேக் ஆம்ப்ளிஃபயர் தாழ்ந்த ஒலிகளைத் தூக்கிவிட்டே ஆக வேண்டும். விநாடிக்கு 7½ அங்குல வேகத்துக்கு அமெரிக்க ஒலிபரப்பாளர் சங்கமான என்.ஏ.பி. வகுத்த ஈடுகட்டலில் இரண்டு எண்கள் வரும்: 3180 மைக்ரோவிநாடி, 50 மைக்ரோவிநாடி. முதல் எண் 50 ஹெர்ட்ஸைக் குறிக்கிறது. அதாவது தூக்கிவிடும் வேலை 50 ஹெர்ட்ஸ் வரைக்கும் நீள்கிறது. கணக்குப் போட்டால், 1000 ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கும் பெருக்கத்தைப்போல் 13 மடங்குக்குமேல் 50 ஹெர்ட்ஸுக்குக் கிடைக்கிறது. நம் மின்சாரத்தின் அதிர்வெண் எதுவோ, சரியாக அங்கேதான் இந்த இயந்திரத்தின் காது மிகக் கூர்மையாக இருக்கிறது.

அதனால்தான் ரேடியோவில் கண்டுகொள்ளவே தேவையில்லாத ஒரு சின்னக் கசிவு டேப் ரெக்கார்டரில் பெரிய ஹம்மாக எழுகிறது. பவர் சப்ளை முழுச் சுத்தமாக இருந்தாலும், ஹெட்டின்மேல் விழும் காந்தப்புலம் ஒன்றே போதும். எத்தனை கண்டன்சரை மாற்றினாலும் காற்று வழியே ஹெட்டுக்குள் நுழையும் புலத்தில் அணுவளவும் குறையாது.

அந்தக் காலத்து வடிவமைப்பாளர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஹெட்டைச் சுற்றி, காந்தப்புலத்தைத் தடுக்கும் மியூமெட்டல் உறை போட்டார்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் பஞ்சுத் திண்டோடு சேர்த்து, பிளே செய்யும்போது ஹெட்டின் முகத்தை மூடும் ஒரு மியூமெட்டல் தகட்டையும் வைத்தார்கள். சில தயாரிப்பாளர்கள் ஹெட்டோடு தொடராக ஒரு சிறு எதிர்ச்சுருளை இணைத்து, அதைத் திருப்பித் திருப்பி மோட்டார் புலத்தைக் கழித்துவிட வழி செய்தார்கள். முதல் கட்டத்துக்கென்றே இ.எஃப்.86 போன்ற வால்வு வந்தது. அதன் ஹீட்டர் கம்பி, போகும் மின்சாரத்தின் புலமும் திரும்பும் மின்சாரத்தின் புலமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்படி இரட்டையாகச் சுற்றப்பட்டது. வால்வு தயாரிப்பாளரான முல்லார்டு வெளியிட்ட விவரப்படி, ஹீட்டரின் ஒரு முனையை எர்த் செய்தால் அந்த வால்வின் சொந்த ஹம் அதிகபட்சம் 5 மைக்ரோவோல்ட். நடுமுனையை எர்த் செய்தால் 1.5 மைக்ரோவோல்ட். "வால்வு செட் என்றால் ஹம் இருக்கத்தான் செய்யும்" என்று கைவிரிப்பவர்கள் இந்த எண்களைப் பார்க்க வேண்டும். செய்து வெளியே வந்த நாளில் அந்தச் செட்டுகள் இப்படி இரையவில்லை. இன்று இரைகின்றன என்றால் ஏதோ ஒன்று, குறிப்பான ஒன்று, கெட்டிருக்கிறது. அதைத் தேடிப் பிடிக்க முடியும்.

இரண்டு கேள்விகள், நான்கு கட்டங்கள்

சால்டரிங் அயர்னைச் சூடாக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். ஹம்மின் சுருதி என்ன? வால்யூமைத் திருப்பினால் அது மாறுகிறதா?

முழு அலை ரெக்டிஃபயர் உள்ள செட்டில் பவர் சப்ளையின் மிச்ச அலை 100 ஹெர்ட்ஸில் இருக்கும். கூடவே 200, 300 என்று அடுக்குகள் வரும். ஹீட்டரிலிருந்தோ, மோட்டாரிலிருந்தோ, எர்த் கோளாறிலிருந்தோ வருவது 50 ஹெர்ட்ஸ். மோட்டார் புலமானால் 150, 250 என்ற ஒற்றைப்படை அடுக்குகளும் சேரும். சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் சரியாகக் கேட்காது, அடுக்குகள்தான் கேட்கும். ஆகவே காதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. லைன் அவுட்டைக் கணினிக்குக் கொடுத்து, ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால் எந்த எண்ணில் முகடு நிற்கிறது என்று கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இந்த இரண்டு விடைகளையும் சேர்த்தால் நான்கு கட்டங்கள் வரும்.

100 ஹெர்ட்ஸ், வால்யூமோடு மாறாதது: பிரதான ஃபில்டர் கண்டன்சர்மேல் சந்தேகம் நியாயமானது. ஆனால் அதற்குமுன் அவுட்புட் வால்வின் கிரிட்டில் மீட்டரை வையுங்கள். கத்தோடு தடையால் பயாஸ் பெறும் வால்வானால் அங்கே சுழி வோல்ட் இருக்க வேண்டும். நேர் வோல்ட் தெரிந்தால் கப்ளிங் கண்டன்சர் கசிகிறது, அல்லது வால்வுக்குள் வாயு சேர்ந்திருக்கிறது. எப்படியானாலும் அந்த வால்வு அளவுக்குமேல் மின்சாரத்தை உறிஞ்சும். சப்ளை சுமை தாங்காமல் மிச்ச அலை பெருகும். ஃபில்டரைக் குறை சொல்வீர்கள். குற்றவாளி வேறிடத்தில் இருப்பான்.

100 ஹெர்ட்ஸ், வால்யூமோடு மாறுவது: முதல் கட்ட வால்வுக்குப் போகும் சப்ளையை இன்னொரு முறை வடிகட்டும் கடைசி கண்டன்சர்மேல் கை வையுங்கள். பெண்டோடு வால்வில் சப்ளையின் அலை ஏறக்குறைய அப்படியே ஆனோடுக்கு வந்துவிடும் என்பதால், இங்கே சிறு பலவீனமும் பெரிதாகக் கேட்கும். பெரும்பாலும் ஒரே ஒரு கண்டன்சர் வேலை.

50 ஹெர்ட்ஸ், வால்யூமோடு மாறாதது: பின்கட்ட வால்வில் ஹீட்டருக்கும் கத்தோடுக்கும் இடையே கசிவு இருக்கலாம். முழு அலை ரெக்டிஃபயரின் ஒரு பக்கம் செத்து, அரை அலையாகிப் போயிருக்கலாம். தொடக்கத்திலேயே அரை அலையாகச் செய்த செட்டானால் ஃபில்டரையும் சேர்த்துச் சந்தேகியுங்கள்.

50 ஹெர்ட்ஸ், வால்யூமோடு மாறுவது: ஹெட், ஹெட் வயர், முதல் வால்வு, எர்த் ஆகிய நான்கில் ஒன்று. டேப் ரெக்கார்டரை ரேடியோவிலிருந்து பிரித்துக் காட்டும் கட்டம் இதுதான். "கண்டன்சரை மாற்று" என்ற சூத்திரத்துக்கு இங்கே அநேகமாக வேலையே இல்லை. கத்தோடின் பைபாஸ் கண்டன்சர் காய்ந்துபோய் ஹீட்டர் கசிவை வெளிக்காட்டுவது மட்டும் விதிவிலக்கு.

ஹம் எங்கே நுழைகிறது

நான்காவது கட்டத்தில் நின்றுவிட்ட செட்டை எப்படி நெருக்குவது? ஒரு எச்சரிக்கையோடு தொடங்குகிறேன். இந்தச் செட்டுகளில் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்சாரம் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் மின்சாரத்தைத் துண்டித்து, கண்டன்சரை ஒரு ரெசிஸ்டர் வழியாக வடித்து, கிளிப்பைப் போட்டுவிட்டுத்தான் திரும்ப ஆன் செய்ய வேண்டும். சில செட்டுகளில் சேசிஸே நேராக மெயின்ஸோடு இணைந்திருக்கும். அதை முதலில் சோதித்தறியுங்கள். இந்தப் பழக்கம் இல்லாதவர்கள் உள்ளே கைவைக்கவே வேண்டாம்.

முதல் சோதனைக்குத் திருப்புளிகூடத் தேவையில்லை. நாடா மாட்டாமல் பிளே நிலையில் விட்டுக் கேளுங்கள். ஹம் இல்லை, நாடா ஓடும்போதுதான் வருகிறது என்றால் அது நாடாவிலேயே பதிந்திருக்கிறது. இன்னும் உறுதி வேண்டுமானால் 7½ அங்குல வேகத்திலிருந்து 3¾ வேகத்துக்கு மாற்றிப் பாருங்கள். பாட்டோடு சேர்ந்து ஹம்மின் சுருதியும் இறங்கினால் அது பதிவில் உள்ளது. இறங்காமல் நின்றால் செட்டில் உள்ளது. ஐம்பது ஆண்டுக்கு முன்னால் யாரோ ஒருவரின் மைக் வயர் அடித்த ஹம்முக்காக இன்று இந்தச் செட்டின் கண்டன்சர்களை அறுத்துப் போடுவதைவிட வீணான வேலை கிடையாது.

அடுத்தது ஹெட். அதன் இரண்டு முனைகளையும் ஹெட்டிலேயே ஷார்ட் செய்யுங்கள். ஹம் போய்விட்டால் ஹெட்தான் புலத்தைப் பிடிக்கிறது. மோட்டாரின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு ஷார்ட்டை எடுத்துக் கேட்டால், புலம் மோட்டாருடையதா டிரான்ஸ்ஃபார்மருடையதா என்று பிரிந்துவிடும். பிறகு மியூமெட்டல் உறையைப் பாருங்கள். முகத் தகடு வளைந்து ஹெட்டை மூடாமல் நிற்கிறதா? யாராவது கழற்றிவிட்டுத் திரும்பப் போட மறந்தார்களா? வளைந்த மியூமெட்டலைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தக் கூடாது. தட்டுப்பட்டால் அதன் காந்தம் தடுக்கும் குணமே குன்றிவிடும். உயர் வெப்பத்தில் பதப்படுத்தினால்தான் அது மீளும்.

ஹெட்டை ஷார்ட் செய்தும் ஹம் நிற்கவில்லையா? ஷார்ட்டை வயரின் மறுமுனைக்கு, ஆம்ப்ளிஃபயர் பக்கத்துக்கு நகர்த்துங்கள். அங்கே போய்விட்டால் வயரில் கோளாறு: ஷீல்டு அறுந்திருக்கும், அல்லது இரண்டு இடத்தில் எர்த் ஆகியிருக்கும். அங்கும் போகவில்லையா? முதல் வால்வின் கிரிட்டையே எர்த்துக்கு ஷார்ட் செய்யுங்கள். அப்போதும் நின்றால் வால்வு, அதன் ஹீட்டர், அதன் சாக்கெட் என்று மிஞ்சுவது சிலவே. நல்லதென்று தெரிந்த வேறு வால்வை மாட்டிப் பாருங்கள். ஹீட்டர் சுற்றுக்குக் குறுக்கே ஹம் சமன்செய்யும் சிறு பொட்டென்ஷியோமீட்டர் இருக்கும் செட்டானால் அதைத் திருப்பிப் பாருங்கள். பலரும் அது எதற்கென்று தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். சாக்கெட்டின் கால்களையும் எர்த் ரிவெட்டுகளையும் சுத்தம் செய்யுங்கள். பச்சை பிடித்த ஒரு ரிவெட் போதும், செட் முழுவதும் இரைய.

படி ஒவ்வொன்றிலும் ஹம் நுழையும் இடம் பாதியாகச் சுருங்குகிறது. புதிய பாகம் எதுவும் வாங்கவில்லை. பழைய பாகம் எதையும் வெட்டவில்லை. இதைச் செய்யாமல் கண்டன்சர் பட்டியல் எழுத உட்காருவது என்ன நியாயம்?

அமெரிக்காவிலிருந்து வந்த செட்டுக்கு இன்னொரு விஷயம் சொல்ல வேண்டும். அங்கே 60 ஹெர்ட்ஸ்; அந்தக் காலத்துச் செட்டுகளில் 117 வோல்ட் என்றிருக்கும். இங்கே ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறார்கள். அது வோல்ட்டை மாற்றும், அதிர்வெண்ணை மாற்றாது. 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்த மோட்டார் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். பாட்டு மூன்று அரைச்சுரத்துக்குமேல் இறங்கிவிடும். கேப்ஸ்டன் புல்லியை மாற்றி வேகத்தைச் சரிசெய்துவிடலாம். ஆனால் செட்டின் உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பில் காந்தப்பாய்வு 20 சதவீதம் கூடிவிட்டது. மோட்டாரின் நிலையும் அதுவே. இரும்பு செறிவை நெருங்கும்போது வெளியே கசியும் புலமும் பெருகும். "அமெரிக்காவில் நன்றாக ஓடியது, இங்கே வந்ததும் ஹம் அடிக்கிறது, கடல் கடந்து வந்ததில் கண்டன்சர் போயிருக்கும்" என்பவர்களுக்கு இதுதான் பதில். வோல்ட்டைச் சற்றுக் குறைத்துக் கொடுத்துப் பாருங்கள். ஹம் கண்கூடாகக் குறைந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

மொத்த மாற்றம் செய்யும் கெடுதல்

"மாற்றினால் நஷ்டம் என்ன? எப்படியும் பழையவைதானே" என்பார்கள். நஷ்டம் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, எர்த் இடம் மாறிவிடும். பழைய செட்டில் இரண்டு மூன்று கண்டன்சர்கள் ஒரே அலுமினிய டப்பாவில் இருக்கும். அதன் எர்த் முனை சேசிஸில் ஓரிடத்தில் யோசித்து வைக்கப்பட்டது. ரெக்டிஃபயரிலிருந்து முதல் கண்டன்சருக்குள் பாயும் மின்சாரம் சீராக ஓடுவதில்லை. விநாடிக்கு 100 முறை குத்துக் குத்தாகப் பாய்கிறது. டப்பாவை எடுத்துவிட்டு, தனித்தனிக் கண்டன்சர்களைக் கைக்கு எட்டிய எர்த்தில் பற்றவைத்தால், அந்தக் குத்து மின்சாரம் முதல் வால்வின் எர்த் வழியாகப் பாய நேரிடும். முன்பு இல்லாத ஒரு கரகரத்த ஹம் புதிதாகப் பிறக்கும். மொத்தமாக மாற்றிய பிறகு ஹம் கூடியது என்று வரும் புகார்களுக்கு இது ஒரு முக்கிய காரணம்.

இரண்டாவது, "பெரிதாகப் போட்டால் இன்னும் நல்லது" என்ற ஆசை. இ.இசட்.80 ரெக்டிஃபயர் வால்வுக்கு முதல் கண்டன்சர் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக் கூடாது. 100 மைக்ரோஃபாரட் போட்டால் ஒவ்வொரு குத்தும் உயர்ந்து, வால்வின் கத்தோடு சீக்கிரம் உரிந்துபோகும். அதேபோல் செலீனியம் ரெக்டிஃபயரை எடுத்துவிட்டு சிலிகான் டையோடு போட்டால், செலீனியத்தில் விழுந்த வோல்ட் இப்போது விழாது. சப்ளை ஏறிவிடும். தொடரில் ஏற்ற ரெசிஸ்டர் வைக்காவிட்டால் வால்வுகளும், நீங்கள் புதிதாகப் போட்ட கண்டன்சர்களுமே அந்தச் சுமையைத் தாங்க வேண்டிவரும்.

மூன்றாவது, கெடாததையும் கெடுப்பது. வெள்ளி-மைக்கா கண்டன்சர்கள் பெரும்பாலும் பல பத்தாண்டுகள் அசையாமல் நிற்பவை. பயாஸ் ஆசிலேட்டரிலும் ஈடுகட்டும் சுற்றிலும் துல்லியமான அளவுக்காகத் தேர்ந்து வைக்கப்பட்டவை. "எல்லாவற்றையும்" மாற்றுகிறவர்கள் இவற்றையும் வெட்டுகிறார்கள். பிறகு பயாஸ் மாறுகிறது. உச்ச ஒலிகள் மங்குகின்றன. அதை நாடாவின் வயது என்று சொல்லிவிடுகிறார்கள்.

நான்காவது, சாட்சியம் அழிகிறது. ஒரே மூச்சில் நாற்பது இணைப்புகளைத் தொட்டபின் ஹம் போனாலும் எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை பழைய சால்டரைச் சூடாக்கியதால் ஒரு உலர்ந்த இணைப்பு ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆறு மாதத்தில் அது திரும்ப விட்டுப்போகும். பெருமை கண்டன்சருக்குப் போகிறது. பழுது செட்டிலேயே தங்குகிறது. இந்தச் சூத்திரம் இவ்வளவு காலம் உயிரோடு இருப்பதே இப்படித்தான். பலித்த இடத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். ஏன் பலித்தது என்று யாரும் கேட்பதில்லை.

"பிறகு மென்பொருளில் எடுத்துவிடலாமே"

இன்னொரு தரப்பு இருக்கிறது. செட்டைச் சரிசெய்யவே வேண்டாம், கணினியில் ஏற்றிவிட்டு 50 ஹெர்ட்ஸையும் 100 ஹெர்ட்ஸையும் வடிகட்டி எடுத்துவிடலாம் என்கிறது. நம் நாட்டில் இந்தச் செட்டுகளில் ஓடவேண்டிய நாடாக்கள் எவை என்று தெரிந்தால் இப்படிச் சொல்லத் தோன்றாது.

1950களிலும் 60களிலும் வசதியுள்ள ரசிகர்கள் கச்சேரிகளை ஸ்பூல் நாடாவில் பதிந்து வைத்தார்கள். வேறு எங்கும் பிரதி இல்லாத பதிவுகள் அவற்றில் இருக்கின்றன. அவற்றில் ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். நடு ஸ்தாயி சட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். தம்புராவின் பஞ்சமத் தந்தி 98 ஹெர்ட்ஸ். ஹம் நிற்பதோ 100 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இடையே இரண்டே ஹெர்ட்ஸ். ஹம்மைச் சாகடிக்கும் வடிகட்டி பஞ்சமத்தின் அடிநாதத்தையும் சேர்த்தே சாகடிக்கும். கூடவே மிருதங்கத்தின் தொப்பியிலிருந்து எழும் ஆழமும் மெலியும். மிஞ்சுவது, சுருதி சேராத அறையில் பாடியதுபோன்ற ஒரு வறண்ட ஒலி. வடிகட்டியை எவ்வளவு கூர்மையாக்கினாலும், தந்தி நின்று ஒலிக்கும் இடத்தில் அதன் தழும்பு தெரியும்.

பதிவிலேயே ஊறிய ஹம்முக்கு வேறு வழியில்லை. அங்கே மென்பொருளைப் பொறுமையோடும் கஞ்சத்தனத்தோடும் பயன்படுத்தலாம். ஆனால் இன்றைக்கு ஓட்டும் செட்டிலிருந்து வரும் ஹம், நாம் நம் கையால் பதிவின்மேல் பூசும் அழுக்கு. பூசிவிட்டுக் கழுவுவதைவிடப் பூசாமல் இருப்பதே மேல். பழைய நாடாக்களில் பல உதிரத் தொடங்கிவிட்டன. சில ஒரு முறைக்குமேல் ஓடாது. அந்த ஒரே ஓட்டத்தில் ஹம்மோடு ஏற்றிவிட்டால் மறுபடி ஏற்ற நாடா இருக்காது.

கணினிக்கு ஏற்றும்போது மட்டும் ஹம் வருகிறது என்றால் அதையும் செட்டின் தலையில் கட்டாதீர்கள். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் போனால் இரண்டு கருவிகளின் எர்த்தும் சேர்ந்து ஒரு வளையம் போட்டிருக்கிறது. நடுவே ஒன்றுக்கு ஒன்று ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் வளையம் அறும். எர்த் பின்னை ஒடித்துவிடுவது தீர்வாகாது. அது உயிரோடு விளையாடுவது.

நேரம் ஆகும் என்ற சாக்கு

கடைசியாக ஒரு வாதம் மிஞ்சுகிறது: இப்படியெல்லாம் சோதிக்க நேரம் ஏது, மொத்தமாக மாற்றினால் ஒரு நாளில் முடிந்துவிடும். கணக்குப் பார்ப்போம். மேலே சொன்ன சோதனைகளுக்கு ஒரு மல்டிமீட்டரும், இரண்டு முதலைக் கிளிப்புகளும், ஒரு கணினியும் போதும். பழக்கப்பட்ட கைக்கு ஒரு மாலை நேரம். நாற்பது கண்டன்சரை ஒழுங்காக, எர்த் இடம் மாறாமல், வயர்கள் ஓடும் வழி மாறாமல் மாற்ற அதைவிடக் கூடுதல் நேரம் ஆகும். சீக்கிரம் முடிகிறது என்றால் ஒழுங்காகச் செய்யவில்லை என்றுதான் பொருள். அந்த வேலை மலிந்துபோனதற்குக் காரணம் அதில் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான். யோசிக்காத வேலைக்கு வாடிக்கையாளர் ஏன் கூலி கொடுக்க வேண்டும்?

நீண்ட நாள் ஓடாமல் கிடந்த செட்டை, வோல்ட்டை ஏற்றியிறக்கும் வெரியாக்கிலோ தொடரில் பல்பு வைத்தோ மெல்ல மெல்ல ஏற்றுங்கள். ஆபத்தான கண்டன்சர்களை முதலிலேயே மாற்றிவிடுங்கள். அதன்பின் ஹம் இருந்தால் கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள், அளந்து பாருங்கள், பிறகு தொடுங்கள். சந்தேகப்படும் ஃபில்டருக்கு இணையாக நல்ல கண்டன்சர் ஒன்றை, செட்டை அணைத்து வடித்தபின், கிளிப்பால் இணைத்து ஆன் செய்யுங்கள். ஹம் குறைந்தால் மாற்றுங்கள். குறையாவிட்டால் அந்தக் கண்டன்சர் குற்றமற்றது. அதை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள்.

செட் வைத்திருப்பவர்களிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பழுதுபார்க்கக் கொடுக்குமுன் மெக்கானிக்கிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: ஹம் எத்தனை ஹெர்ட்ஸ்? வால்யூமோடு மாறுகிறதா? ஹெட்டை ஷார்ட் செய்தால் போகிறதா? பார்த்துச் சொல்கிறேன் என்பவரிடம் தாராளமாகக் கொடுங்கள். எதையும் பார்க்காமலே கண்டன்சர் விலைப்பட்டியலை நீட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். செட்டைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துவந்துவிடுங்கள்.